எண்ணூரில் பூட்டிய ஆஸ்டின்



போன ஞாயிற்றுக்கிழமை என் பழைய மாணவன் ஒருவன் எம்.கே.பி. நகர் வீட்டுக்கு வந்தான். எட்டாம் வகுப்பில் வரலாறு என்றால் காத தூரம் ஓடியவன். இப்போது தலை நரைத்துவிட்டது.

“சார், தாத்தா காரை விக்கிறோம். விளம்பரத்துக்கு நாலு வரி எழுதிக் குடுங்க.”

அவன் தாத்தா ராயபுரத்தில் டாக்டர். 1951-இல் வாங்கிய ஆஸ்டின் ஏ40 டெவன் அது. வீட்டை இடித்துக் கட்டப்போகிறார்கள், வண்டியை நிறுத்த இடமில்லை. அவன் அம்மாவுக்கு விற்பதில் துளியும் சம்மதமில்லை. மாமனார் வண்டி, அதில்தான் கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்திருக்கிறார்.

புரோக்கர் ஒரு யோசனை சொல்லியிருக்கிறார். “இங்கிலாந்திலேயே முழுசா தயாரானதுன்னு போடுங்க, விலை ஏறும்.”

அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது.

இந்த இடத்தில் கொஞ்சம் வரலாறு சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். சுதந்திரம் வந்த மறு வருடம், 1948 செப்டம்பர் 7 அன்று, ரகுநந்தன் சரண் என்பவர் அசோக் மோட்டார்ஸ் என்ற கம்பெனியைத் தொடங்கினார். சுதந்திரப் போராட்டத்தில் இருந்தவர். நவீனத் தொழிலில் இறங்கும்படி அவரைத் தூண்டியவர் நேரு. அசோக் என்பது அவருடைய மகன் பெயர். பலர் அசோகச் சக்கரவர்த்தி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், நானும் சில காலம் வகுப்பில் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன்!

கம்பெனியின் ஆலை நம்ம எண்ணூரில். பர்மிங்காம் பக்கம் லாங்பிரிட்ஜில் இருந்த ஆஸ்டின் கம்பெனியின் பாகங்கள் கப்பலில் வரும், இங்கே காராகும். 1949-இல் முதல் ஏ40 வெளியே வந்தது. மெக்கானிக்குகள் ‘கழட்டிப் பூட்டுறது’ என்பார்களே, அதில் இந்த ஊர் பார்த்தது பூட்டுகிற வேலையை.

ராயபுரத்தில் ரயில் ஏறி அந்த வேலைக்குப் போனவர்களில் என் அப்பாவும் ஒருவர். கதவு பூட்டும் வேலை. கதவு சாத்தும்போது வருகிற சத்தத்தை வைத்தே சரியாக உட்கார்ந்ததா என்று சொல்லிவிடுவாராம். சாகும்வரை சொந்தமாக சைக்கிள் ஒன்றுதான் வைத்திருந்தார்.

அந்தக் கார் காலம் நீடிக்கவில்லை. 1950-இல் லேலண்டோடு ஒப்பந்தம். 1951-இல் எண்ணூரில் பூட்டிய முதல் லேலண்ட் வண்டிகள் நான்கு காமெட் டிப்பர்கள், மங்களூர் ஓட்டுத் தொழிற்சாலை ஒன்றுக்குப் போயின. சரண் விமான விபத்தில் இறந்துபோனார். வெறுமனே பாகங்களைக் கொண்டுவந்து பூட்டுவது போதாது, இங்கேயே உற்பத்தி செய்ய வேண்டும் என்று அரசும் கறாராகிவிட்டது. 1955-இல் கம்பெனியின் பெயர் அசோக் லேலண்ட் ஆனது. பஸ், லாரி என்று அது போன வழி உங்களுக்கே தெரியும். எண்ணூர் ஆஸ்டினை யார் நினைக்கிறார்கள்?

நானும் அவனோடு போய் வண்டியைப் பார்த்தேன். தார்பாய் விலக்கினால் அதே வளைந்த மூக்கு, பானட் மேல் பறக்கிற ‘ஏ’ எழுத்து. திரும்பும்போது பக்கவாட்டில் கை நீட்டுகிற சின்ன இண்டிகேட்டர் ஒன்று இன்னும் வேலை செய்கிறது. 1200 சி.சி. இன்ஜின்; முன்னால் ஹேண்டில் போட்டுச் சுற்றியும் கிளப்பலாம். முன்பக்கப் பெட்டியில் பழைய ரசீது, அசோக் மோட்டார்ஸ் பெயரோடு. புரோக்கரின் கதை அந்த ஒரு தாளோடு முடிந்தது.

இன்னொன்றும் சொன்னேன். 2021-இல் வந்த மத்திய அரசு விதிப்படி, 50 வயது தாண்டி, சேசிஸ், பாடி, இன்ஜின் பெரிதாக மாற்றாமல் அசல் நிலையில் இருந்தால்தான் விண்டேஜ் வண்டி. ஏற்கெனவே பதிவானதற்குப் பழைய நம்பரே தொடரலாம். கண்காட்சி, ரேலி மாதிரிக்குத்தான் ஓட்டலாம், தினமும் ஆபீசுக்கு முடியாது. ஆகவே பளபளவென்று புது இன்ஜின் மாட்டித் தருகிறேன் என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடு என்றேன்.

கடைசியில் நான் எழுதிக் கொடுத்தது இது:

“ஆஸ்டின் ஏ40 டெவன், 1951. பாகங்கள் இங்கிலாந்து, பூட்டியது சென்னை எண்ணூர். ஒரே குடும்பத்தின் வண்டி. அசல் ரசீது உண்டு.”

படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தான். “விலை குறையுமே சார்.” குறையலாம்தான், மறுக்கவில்லை. உள்ளே இருந்து அவன் அம்மா, “சார் எழுதுனதையே போடுடா” என்றார். அவருக்கு வண்டி விற்காமல் இருந்தால் சரி என்ற கணக்கும் இருக்கலாம்.

கிளம்பும்போது முன் கதவைத் திறந்து ஒருமுறை சாத்திப் பார்த்தேன். கொஞ்சம் இடித்தது. எழுபது வருஷத்துக்கு மேல் ஆயிற்று, கீல் தேய்ந்திருக்கும்.

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாராவது அந்த நாளில் எண்ணூரில் ஆஸ்டின் பூட்டியிருந்தால், ஒரு போட்டோ இருந்தாலும் அனுப்புங்கள். அப்பாவிடம் ஒன்றுகூட இல்லை.