முச்சாண்: ஒரு குறுங்கோலின் பெயர் வரலாறு

வடகேரளத்தில் வழங்கும் களரிப்பயிற்றில் உடலை மட்டும் பழக்கும் நிலைக்கு மெய்த்தாரி என்று பெயர். வாள், ஈட்டி முதலிய இரும்புக் கருவிகளைப் பழக்குவது அங்கத்தாரி. இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது கோல்த்தாரி. இந்நிலையில் பயிலும் நெடுங்கோலைக் கெட்டுகாரி என்பர். குறுங்கோலுக்கு இரு பெயர்கள் உண்டு. அவற்றுள் ஒன்று முச்சாண். மற்றொன்றைத் தமிழில் எவ்வாறு எழுதுவது என்பதே இக்கட்டுரையின் முதல் வினா. இது வெறும் எழுத்துப்பெயர்ப்புச் சிக்கல் அன்று. கருவியின் வரலாற்றையே மாற்றிவிடக்கூடியது.

தமிழ்ச் ‘சிறு’ என்னும் அடைக்கு மலையாளத்தில் நேரானது ‘செறு’. நம் சிறுகதை அங்குச் செறுகத, சிறுவிரல் செறுவிரல். ‘வடி’ என்பது தடியைக் குறிக்கும் பொதுச்சொல். எனவே ‘செறுவடி’ என்றால் சிறிய தடி என்பதற்கு மேல் ஒன்றுமில்லை. மலையாள எழுத்தில் றகரம் ஐயத்துக்கு இடமின்றி நிற்கிறது. ஆனால் நம்மில் பலர் இச்சொல்லை ஆங்கில நூல்கள் வழியாகவே சந்திக்கிறோம். குறியீடுகள் இடாத உரோமன் எழுத்தில் றகரமும் ரகரமும் ஒன்றே. அவ்வழி வருபவர் ‘செருவடி’ என்று எழுதினால், செரு போரைக் குறிப்பதால் தமிழ் வாசகர் அதனைப் போர்த்தடி என்றே கொள்வார். ரகரத்தைத் திருத்திச் ‘செறுவடி’ என்று எழுதினாலும் தொல்லை தீர்வதில்லை: செறுதல் சினத்தலும் அழித்தலும், செறுநர் பகைவர். பிழையான வடிவமும் பிழையற்ற வடிவமும் நம்மை ஒரே போர்க்களத்தில் கொண்டுவிடுகின்றன! ஒலியை விட்டுப் பொருளைப் பற்றிச் ‘சிறுவடி’ என்று எழுதுவதே தக்கது.

வரலாறும் போர்த்தடி என்னும் பொருளுக்கு இடந்தருவதில்லை. வடக்கன் பாட்டுகளில் சேகவர் பொருதும் அங்கத்துக்கு உரியனவாகச் சிறப்பிக்கப்படுவன சுரிகை, வாள், பரிசை ஆகியவையே. கோல், இரும்பை ஏந்துவதற்கு முன் கையையும் கண்ணையும் பழக்கும் கருவி. 1805இல் பழசிராஜா வீழ்ந்தபின் மலபாரில் ஆயுதம் தாங்குவதை ஆங்கிலக் கம்பெனி ஒடுக்கியது, களரிகள் நலிந்தன. வாளைப் பறிமுதல் செய்யலாம். இரண்டடி மரத்துண்டை வீட்டுத் தடியிலிருந்து பிரித்தறிவது எந்த அரசுக்கும் எளிதன்று. பின்னர் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தலச்சேரியைச் சூழ்ந்த பகுதியில் இக்கலை மீண்டும் தழைத்தபோது, சி. வி. நாராயணன் நாயர் (1905–1944) போன்றோர் அதனைப் பொது அரங்குக்குக் கொணர்ந்தனர். இன்று தற்காப்புக் கருவியாகக் குறுங்கோல் பெறும் மதிப்பு வாள் விலகிய இடத்தில் விளைந்தது எனக் கருதலாம்.

இனி முச்சாண். மூன்று + சாண் என்பது முச்சந்தி போலவே புணர்ந்துள்ளது. இச்சொல்லைத் தமிழர்க்கு மொழிபெயர்க்கவே வேண்டியதில்லை. பன்னிரு விரல் ஒரு சாண், இரு சாண் ஒரு முழம் என்பது நம் பழைய வாய்பாடு. அதன்படி முச்சாண் ஒன்றரை முழம். ஆங்கிலத்தில் இதனை அங்குலத்தில் சொல்லிவிடுகின்றனர். அங்கேதான் இழப்பு நேர்கிறது. சாண் என்பது விரித்த கையின் அளவு. கைக்குக் கை மாறும். எண்சாண் உடம்பு என்னும் வழக்கை ஒட்டிக் கணக்கிட்டால், முச்சாண் ஒருவர் உயரத்தில் எட்டில் மூன்று பங்கு. 160 செ.மீ. உயரமுள்ளவர்க்கு அது 60 செ.மீ.; 120 செ.மீ. உயரமுள்ள சிறுவனுக்கு 45 செ.மீ. சொல் சுட்டுவது நீளத்தை அன்று, விகிதத்தை. நெடுங்கோலுக்குச் சரீரவடி என்றொரு பெயரும் வழங்குவது இதனோடு ஒப்புநோக்கத்தக்கது.

இவ்விகிதத்துக்குப் பயிற்சியில் காரணமும் உண்டு. குறுங்கோலில் இருவரும் கையெட்டும் தொலைவிலேயே நிற்பர். கோல் முன்கையின் நீட்சியாகிறது. தலை, மணிக்கட்டு, முழங்கால் என அடி விரைந்து மாற, தடுத்த வீச்சே அடுத்த அடியாகத் திரும்புகிறது. கோல் மிகின் உடலில் இடறும். குறையின் விரல்கள் அடிபடும்.

அடிகளின் வரிசையைக் குருக்கள் வாய்த்தாரியாகச் சொல்ல, மாணவர் அதற்கேற்ப இயங்குவர். இவ்வாணைகளில் அமர்ந்து, மாறி, நிமிர்ந்து என்பன போன்ற எச்சங்கள் தொடராக அமைகின்றன. மலையாள வினைமுற்று பால் காட்டும் ஈறுகளை இழந்துவிட்டது. பழைய எழுத்து வழக்கில் முற்றியலுகரமும் குற்றியலுகரமும் ஒரே வடிவில் எழுதப்பட்டன. ஆதலின் ஏட்டில் ‘அமர்ந்நு’ என்பது எச்சமா முற்றா என்பதைத் தொடரே காட்டவேண்டும். ஆங்கிலப் பெயர்ப்பில் இவை தனித்தனி ஏவல்களாகின்றன: அமர், மாறு, நிமிர். அப்படிப் படிப்பவர் ஒவ்வோர் ஏவலுக்கும் ஒருமுறை நின்றுவிடுவார். குறுங்கோலில் அப்படி நின்றவர் அடிவாங்குவார். எச்சத்தை எச்சமாகவே பெயர்க்கத் தமிழில் தடை ஏதுமில்லை. ஆங்கிலத்தை இடையில் நிறுத்தாமல் மூலத்திலிருந்தே பெயர்த்தால் போதும்.