இழை

இழை என்பது நீளத்தை நோக்க அகலம் மிகச் சிறியதாய், வளையக்கூடியதாய் உள்ள பொருளைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல். நெசவில் அது தறியில் நிற்கும் தனி நூல். உயிரியலில் பூஞ்சையின் உடலும் டி.என்.ஏ.வின் ஒரு பாதியும் இழைகளே. இயற்பியலில் விளக்கினுள் ஒளிரும் மெல்லிய கம்பியையும் ஒளியைக் கடத்தும் கண்ணாடியையும் அது குறிக்கும். கணிதத்தில் ஒரு சார்பு எந்தெந்தப் புள்ளிகளை ஒரே மதிப்புக்குக் கொண்டுபோகிறதோ அவற்றின் கணம் இழை எனப்படும். பொது உரைநடையில் சோகமும் நகைச்சுவையும் இழையோடும். துறைதோறும் இச்சொல் தன் பழைய பொருளில் ஏதோ ஒன்றை உதறிவிட்டு, ஏதோ ஒன்றை விடாமல் பிடித்துக்கொண்டு போயிருக்கிறது.

தறியில்

சொல்லின் மூலப்பொருள் இன்றும் கூர்மை மழுங்காமல் வழங்குவது நெசவு ஊர்களில். திருவள்ளூர் மாவட்டம் பள்ளிப்பட்டு வட்டத்தில் உள்ள பொதட்டூர்பேட்டை அவற்றுள் ஒன்று. அண்டை ஊரான அம்மையார்குப்பம் போலவே இதுவும் விசைத்தறியால் வாழும் ஊர். நெசவாளர் பேச்சில் நூலும் இழையும் ஒன்றல்ல. நூல் எடை போட்டு வாங்கும் சரக்கு. அதற்கு விலை ஏறும், இறங்கும். இழையைத் தறியில் எண்ணுவார்கள். அது அறும், முடிச்சுப் போடப்படும். "நூல் விலை" என்பதற்குப் பதில் "இழை விலை" என்று எவரும் சொல்வதில்லை. நீளவாக்கில் நிற்கும் இழைகள் பாவு. நாடா குறுக்கே கொண்டுபோவது ஊடை. பாவின் ஒவ்வோர் இழையும் விழுதின் கண்ணிலும் அச்சின் பல்லிலும் நுழைந்து வரவேண்டும். பழைய பாவு தீர்ந்து புதுப்பாவு ஏற்றும்போது பழைய இழையோடு புதிய இழையை ஒன்றுக்கு ஒன்றாக முறுக்கிச் சேர்ப்பதற்கு அச்சு பிணைத்தல் என்று பெயர். ஆயிரக்கணக்கில் உள்ளவற்றில் இரண்டு இடம் மாறினாலும் துணியில் அது தெரிந்துவிடும்.

எண்ணப்படுவது என்பதால் இழைக்குக் கணக்கு உண்டு. 1 பவுண்டு, அதாவது சுமார் 454 கிராம் பருத்தி நூலில் 840 கஜச் சிட்டங்கள் எத்தனை கிடைக்கின்றன என்பதே நூலின் நம்பர். 40-ம் நம்பர் என்றால் 1 பவுண்டில் 33,600 கஜம், ஏறத்தாழ 30.7 கிலோமீட்டர். நம்பர் கூடக் கூட இழை மெலியும். அறிவியல் கூடங்களில் வழங்கும் டெக்ஸ் அளவு இதற்கு நேர் எதிர்: 1,000 மீட்டர் இழை எத்தனை கிராம் என்று பார்ப்பதால் எண் கூடினால் இழை தடிக்கும். இரண்டு முறையும் இன்றுவரை அருகருகே நீடிக்கின்றன. அச்சுக்கும் தனிக் கணக்கு. 2 அங்குலத்தில் 60 பல் உள்ள அச்சில், பல்லுக்கு 2 இழை கோத்தால் அங்குலத்துக்கு 60 இழை; 40 அங்குல அகலத் துணிக்கு 2,400 இழை. இதற்கெல்லாம் முந்தியது புஞ்சம். 120 பாவு இழை ஒரு புஞ்சம். கிழக்கிந்தியக் கம்பெனி சோழமண்டலக் கரையில் துணி வாங்கியபோது தரத்தைப் புஞ்சக் கணக்கில்தான் பிரித்தது. ஒரே அகலத்தில் புஞ்சம் கூடினால் துணி நெருக்கம், விலை அதிகம்.

பொதட்டூர்பேட்டை வட்டாரம் 1960 மார்ச் வரை ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. ம. பொ. சிவஞானமும் மங்கலங்கிழாரும் முன்நின்ற எல்லைப் போராட்டத்துக்குப் பின், திருத்தணி வட்டத்தோடு 1960 ஏப்ரல் 1 அன்று அப்போதைய சென்னை மாநிலத்துக்கு வந்தது. ஆகவே இங்கு இழைக்குப் பக்கத்திலேயே தெலுங்கின் போகு, பாவுக்குப் பக்கத்தில் படுகு, ஊடைக்குப் பக்கத்தில் பேக என்ற சொற்களும் காதில் விழும்.

இலக்கியத்தில்

பொருநராற்றுப்படையில் இழை இரண்டு விதமாகத் தோன்றுகிறது. கரிகாலனைப் பாடி வந்த பொருநன் உடுத்தியிருந்தது வேற்று இழை நுழைத்துத் தைத்த கந்தல். அதைக் களைந்து மன்னன் கொடுத்தது பாம்புரி போன்ற ஆடை. அதில் இழை ஓடும் வழியைக் கண்ணால் பின்தொடர முடியாது. கந்தலில் இழை தெரிகிறது, புத்தாடையில் தெரிவதில்லை. துணியின் தரத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்வது கடினம்.

சங்க நூல்களில் அணிகலனுக்கும் இழை என்றே பெயர். சேயிழை, ஆயிழை, நேரிழை எல்லாம் அணிகலன் பூண்ட பெண்ணைச் சுட்டுவன. இந்த இரு பொருளையும் ஒரே செய்யுளில் சந்திக்க வைத்தவர் நன்னூல் ஆசிரியர் பவணந்தி முனிவர். நூல் என்ற சொல் ஏட்டுக்கும் எப்படி வந்தது என்பதைப் பாயிரத்தில் விளக்கும்போது சொல்லைப் பஞ்சாகவும் செய்யுளை இழையாகவும் வாயைக் கையாகவும் அறிவைக் கதிராகவும் வைத்து, புலவனை நூற்கும் பெண்ணாக்குகிறார். அந்தப் பெண்ணைக் குறிக்க அவர் எடுத்த சொல் சேயிழை. நூற்றது பெண்கள் என்பதை இலக்கண ஆசிரியரே எழுதிவைத்துவிட்டார்.

வினையாகும்போது இச்சொல் வெகுதூரம் போகிறது. தச்சர் இழைப்புளியால் மரத்தை இழைக்கிறார்; கல்லில் சந்தனமும் குழந்தைக்கு மருந்தும் இழைக்கப்படுகின்றன; தங்கத்தில் கல் இழைக்கப்படுகிறது; நாளிதழில் குற்றமும் துரோகமும் இழைக்கப்படுகின்றன. நல்ல காரியத்தை இழைத்ததாக இன்று எவரும் எழுதுவதில்லை என்பது வேடிக்கை. விபத்துச் செய்தியில் வரும் "மயிரிழையில் உயிர் தப்பினார்" மட்டும் இன்னமும் அளவுச் சொல்லாகவே நிற்கிறது. தலைமுடியின் தடிமன் பெரும்பாலும் 0.05 மில்லிமீட்டருக்கும் 0.1 மில்லிமீட்டருக்கும் இடையில் இருக்கும். 40-ம் நம்பர் பருத்தி இழை சுமார் 0.14 மில்லிமீட்டர்.

உருப்பெருக்கியின் அடியில்

டெல்ஃப்ட் நகரில் வாழ்ந்த அன்டோனி வான் லீவன்ஹூக் ஜவுளி வணிகர். துணியின் தரம் பார்க்க வணிகர்கள் லென்ஸ் வைத்து இழை எண்ணும் வழக்கம் அன்றே உண்டு. அந்தத் தொழிலிலிருந்து வந்தவர் தாமே லென்ஸ் தேய்த்துத் தசையையும் குளத்து நீரையும் பார்த்தார். உயிரின் உள்ளே இழைகளைத் தேடிய கண் முதலில் துணியில் பழகிய கண் என்பதை ஒரு தற்செயல் என்று ஒதுக்கிவிடலாம். அதன்பின் வந்த சொற்களை அப்படி ஒதுக்க முடியாது. பாரிஸ் மருத்துவர் சேவியர் பிஷா 1801-இல் மனித உடலை 21 வகைத் திசுக்களாகப் பிரித்தார். உருப்பெருக்கியை நம்பாமல், உறுப்புகளை வேகவைத்தும் உலர்த்தியும் ஊறவைத்தும் கண்டது அது. அவர் எடுத்த பிரெஞ்சுச் சொல்லுக்கு நெய்யப்பட்டது என்று பொருள். திசுக்களைப் பற்றிய துறைக்கு ஐரோப்பிய மொழிகளில் அமைந்த பெயரோ கிரேக்கத்தில் தறியையும் நெய்ததையும் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. 1882-இல் வால்டர் ஃபிளெமிங் செல் பிளவுபடும் முறைக்கும், 1898-இல் கார்ல் பெண்டா செல்லுக்குள் கிடக்கும் மணிகளுக்கும் பெயர் வைத்தபோது இருவருமே இழைக்கான கிரேக்கச் சொல்லை எடுத்தார்கள்.

இவற்றைத் தமிழாக்குவதில் தமிழ்நாடும் இலங்கையும் வெவ்வேறு வழி போயின. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் திசு, மைட்டோகாண்ட்ரியா, மைட்டாசிஸ் என்று ஒலியை எடுத்துக்கொண்டன. தாய்மொழியில் அறிவியல் பயிற்றுவிப்பதைத் தொடர்ந்து நடத்திய இலங்கை, பொருளை எடுத்துக்கொண்டது: இழையம், இழைமணி, இழையுருப்பிரிவு. திசுவியல் அங்கே இழையவியல். சங்கத் தமிழ் மட்டும் தெரிந்தவர் இழைமணி என்பதை அணிகலனில் பதித்த கல் என்றுதான் படிப்பார். ஆனாலும் பெண்டா மனத்தில் கொண்டிருந்தது இழையும் மணியும்தான். மொழிபெயர்ப்பில் ஒன்றும் சிந்தவில்லை. இலங்கை மாணவர் இழையம் என்ற சொல்லைக் கேட்டதுமே அது பலவற்றால் ஆனது என்பதைப் பாதி புரிந்துகொள்கிறார். திசுவை நாம் மனப்பாடம் செய்யவேண்டியிருக்கிறது. அதே வேளையில், திசு வளர்ப்பு வாழைக்கன்று வாங்கும் விவசாயியின் வாயில் திசு இன்று இயல்பாகப் புழங்குகிறது. அதை இனிப் பிடுங்க முடியாது.

இழைக்கும் நாருக்கும் உள்ள எல்லை இன்னும் தீராத வழக்கு. நார் என்பது மட்டையிலிருந்தும் தண்டிலிருந்தும் உரித்தெடுப்பது, இழை என்பது நூற்றோ இழுத்தோ ஆக்குவது என்று பேச்சுத் தமிழ் தெளிவாகவே பிரித்து வைத்திருக்கிறது. அதனால்தான் கீரையில் இருப்பது நார்ச்சத்து, பூஞ்சையின் உடல் இழை. கலைச்சொல் ஆக்கியவர்கள் இதைக் காதில் வாங்காத இடங்களில் குழப்பம். ஒரே பொருள் ஒரு நூலில் தசை நார், இன்னொன்றில் தசை இழை. கண்ணாடியை உருக்கி இழுத்து ஒளியைச் செலுத்துவது தமிழ்நாட்டில் ஒளியிழை, இலங்கைப் பாடநூலில் ஒளியியல் நார். இதில் தமிழ்நாட்டு வழக்கே பொருத்தம். கண்ணாடியை யாரும் உரிப்பதில்லை.

ஒளியில்

மின்விளக்கு வரலாற்றில் இழை உவமையாக வரவில்லை, பொருளாகவே வந்தது. 1879 அக்டோபரில் தாமஸ் எடிசனின் கூடத்தில் பல மணி நேரம் எரிந்த விளக்கினுள் இருந்தது கரியாக்கிய பருத்தித் தையல் நூல். பின்னர் மூங்கிலும், அதன்பின் டங்ஸ்டனும் வந்தன, பெயர் மாறவில்லை. 1954-இல் ஹாப்கின்ஸும் நரிந்தர் சிங் கபானியும் கண்ணாடி இழைக் கற்றை வழியே உருவத்தைக் கடத்திக் காட்டினர். இன்று தொலைத்தொடர்பில் ஓடும் ஒளியிழையின் வெளிவிட்டம் 0.125 மில்லிமீட்டர், ஒளி செல்லும் நடுப்பகுதி அதில் 14-இல் ஒரு பங்கு அளவே. ஒளியிழை நாற்பதாம் நம்பர் நூலைவிடச் சற்றே மெல்லியது என்று நெசவாளரிடம் சொன்னால் உடனே விளங்கும். இவ்விழைகளைப் பதிக்கும் தன் நிறுவனத்துக்கு மாநில அரசு தமிழ்நாடு கண்ணாடி இழை வலையமைப்பு நிறுவனம் என்று பெயர் சூட்டியிருக்கிறது. வீட்டுக்கு இணைப்பு வாங்குபவர் கேட்பதோ பைபர். அதே திருவள்ளூர் மாவட்டத்தின் பழவேற்காட்டுக் கரையில் மீனவர் ஓட்டுவதும் பைபர் படகு.

கணிதத்தில்

கணிதத்துக்குள் வந்ததும் இழை தன் மெல்லிய தன்மையையே இழக்கிறது. பூமிப்பரப்பின் ஒவ்வொரு புள்ளிக்கும் அதன் அட்சரேகை அளவைத் தரும் சார்பை எடுத்துக்கொள்வோம். பொதட்டூர்பேட்டை சுமார் 13.3 டிகிரி வடக்கில் உள்ளது. அந்த அளவின் மேல் உள்ள இழை என்பது அதே அளவு கிடைக்கும் எல்லாப் புள்ளிகளும்: பூமியைச் சுற்றி வரும் ஒரு முழு வட்டம். 90 டிகிரியின் மேல் உள்ள இழையோ துருவம் என்ற ஒற்றைப் புள்ளி. வேறு சார்புகளில் இழை ஒரு தளமாகலாம், கோளமாகலாம், பல பரிமாண வெளியாகவும் ஆகலாம். ஹைன்ஸ் ஹாஃப் 1931-இல் முப்பரிமாணக் கோளம் முழுவதும் வட்டங்களால் நிரம்பியிருப்பதையும், அவற்றுள் எந்த இரண்டும் சங்கிலிக் கண்ணிகள்போல் ஒன்றுள் ஒன்று மாட்டியிருப்பதையும் காட்டினார். அத்தகைய வட்டங்களை இழை என்றே அழைத்து ஒரு கோட்பாட்டை எழுதியவர் ஹெர்பர்ட் சீஃபெர்ட், 1933-இல். நார்மன் ஸ்டீன்ராட் 1951-இல் வெளியிட்ட இழைக்கற்றை பற்றிய நூலுக்குப் பிறகு சொல் நிலைத்தது.

நீளமும் மென்மையும் போனபின் எஞ்சியது என்ன? ஒன்றையொன்று தொடாமல் பக்கத்தில் பக்கத்தில் நிற்பது, எல்லாம் சேர்ந்து ஒரு முழுமையை மிச்சமின்றி நிரப்புவது. ஊடை போடும் முன் தெருவில் விரித்து நிறுத்திய பாவு இது. உயிரியலின் இழையம் நெய்து முடித்த துணி. கணிதத்தின் இழைக்கற்றை பாவு மட்டும்.

இத்துறையின் பெரிய முடிவுகளுள் ஒன்று தமிழ்நாட்டுக்காரர் இருவருடையது. தண்டரையில் பிறந்த எம். எஸ். நரசிம்மனும் காஞ்சிபுரத்தில் பிறந்த சி. எஸ். சேஷாத்ரியும் சென்னை லயோலா கல்லூரியில் அருட்தந்தை ரஸீனிடம் கணிதம் பயின்று, பம்பாய் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்துக்குச் சென்றவர்கள். 1965-இல் அவர்கள் நிறுவிய தேற்றம், ஒரு வளைபரப்பின் ஒவ்வொரு புள்ளியின் மேலும் ஒரு வெக்டர் வெளியை இழையாக நிறுத்தும் கற்றைகளுள் எவை நிலையானவை என்பதை, பரப்பைச் சுற்றிவரும் பாதைகளின் குலத்தைக் கொண்டு தீர்மானிக்கிறது. சேஷாத்ரி பின்னர் சென்னைக் கணிதக் கழகத்தை நிறுவினார். பட்டு நெசவின் தலைநகரில் பிறந்தவர் வாழ்நாள் முழுதும் இழைகளையே ஆராய்ந்தார் என்று எழுதக் கை துறுதுறுக்கும். ஆனால் அவர் பயன்படுத்திய சொல் ஆங்கிலத்தில்தான் இருந்தது.

வாசலில் பெண்கள் போடும் கோலத்திலும் இழை கலைச்சொல்லே. ஈர மாவில் இரட்டைக் கோடாக இழுப்பது இழைக்கோலம். மங்கல நாளில் ஒற்றை இழை கூடாது. புள்ளியைச் சுற்றி வளையும் சிக்குக் கோலத்தின் கோட்டுக்கோ கம்பி என்று பெயர். தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிரிதிவாசன் மூவரும் 1974-இல் கோலங்களைக் கணினி மொழிகளின் இலக்கணம் கொண்டு ஆய்ந்த கட்டுரை உலக அளவில் மேற்கோள் காட்டப்படுகிறது.

எமில் ஆர்ட்டின் 1925-இல் வகுத்த பின்னல் குலக் கோட்பாட்டிலும் இழைகள் உண்டு. அங்கே அவை ஒன்றன்மேல் ஒன்று தாவும். எது மேலே எது கீழே என்பதே கணக்கு. இதைத் தமிழில் எழுதுவோர் பழக்கத்தால் இழை என்றே எழுதிவிடுகிறார்கள். சடை பின்னும் வீடுகளில் அதற்கு வேறு சொல் இருக்கிறது: மூன்று கால், நான்கு கால், ஐந்து கால் பின்னல். கற்றையில் நிற்பதற்கு இழை, பின்னலில் தாவுவதற்குக் கால் என்று வைத்துக்கொண்டால் இரண்டு கோட்பாடுகளும் மாணவர் மனத்தில் குழம்பாது.