ஐம்பத்தைந்து வயதில் ஊர் தேடியவர்கள்



நம் முன்னோர் தமிழகத்திலிருந்து மலாயாவுக்கு வந்த கதையை நாம் பலமுறை படித்திருக்கிறோம். கப்பல், கங்காணி, இரப்பர்க் காடு என்று அக்கதை நூல்களிலும் மேடைகளிலும் நிறைந்து கிடக்கிறது. அதே குடும்பங்கள் மேற்கொண்ட இரண்டாவது பயணம் ஒன்றும் உண்டு. அது தோட்டத்திலிருந்து பட்டணத்திற்குச் சென்ற பயணம். தொலைவு சிலருக்கு இருபது மைல்கூட இராது. அதனாலோ என்னவோ, அதனை யாரும் புலம்பெயர்வு என்று அழைப்பதில்லை. நகரமயம் என்ற ஒரே சொல்லோடு கடந்துவிடுகிறோம். இளையோருக்குத் தொழிற்சாலை வழிகாட்டியது. வேலை எங்கோ, அங்கே வாடகை வீடு. முதியோரின் நிலை வேறு. வேலை முடிந்தபின் எந்த ஊரில் குடியேறுவது என்பதை அவர்கள் எதைக் கொண்டு முடிவு செய்தார்கள்? பல ஆண்டுகளாக இக்கேள்வி என்னைத் தொடர்ந்து வருகிறது. தமிழ்ப்பள்ளிகளின் வரலாற்றோடும் இதற்கு நெருங்கிய தொடர்பு உண்டென்பது என் எண்ணம்.

முதலில் தோட்டத்து வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். லயன் வீடு தொழிலாளியின் சொத்தன்று. வேலையோடு வருவது, வேலையோடு போவது. தொழிலாளர் வீடுகளுக்குக் குறைந்தபட்சத் தரம் வகுத்த சட்டம் 1966ஆம் ஆண்டிலும், அதன் விரிந்த வடிவம் 1990ஆம் ஆண்டிலும் வந்தன. அறையின் அளவு, குடிநீர், கழிவறை ஆகியவற்றைப் பற்றியெல்லாம் அச்சட்டங்கள் பேசின. ஓய்வு பெற்றவன் எங்கே போவான் என்பதற்கு அவற்றில் விடையில்லை. ஊழியர் சேமநிதி 1951ஆம் ஆண்டில் தோன்றியது. 55 வயதில் அப்பணத்தை எடுக்கலாம். ஆக, வாழ்நாளிலேயே பெரிய தொகையைக் கையில் வாங்கும் அதே வேளையில் தலைக்கு மேலிருந்த கூரை போய்விடும். பிள்ளைகளுள் ஒருவர் தோட்டத்திலேயே வேலைக்கு நின்றால் பெற்றோர் அவரோடு ஒட்டிக்கொண்டு அங்கேயே இருக்கலாம். 1970களில் பினாங்கிலும் சிலாங்கூரிலும் தொழிற்சாலை வட்டாரங்கள் பெருகியபோது அந்த ஒருவரும் புறப்பட்டுவிட்டார்.

இதற்கு முந்திய தலைமுறைக்கு இச்சிக்கல் வேறு வடிவில் இருந்தது. அவர்கள் ‘ஊர்’ என்று சொன்னது தமிழகத்தைத்தான். முதுமையில் ஊருக்குத் திரும்பிவிடலாம் என்றே பலரும் எண்ணியிருந்தனர். 1930களின் தொடக்கத்தில் இரப்பர் விலை வீழ்ந்தபோது இலட்சத்திற்கும் மேற்பட்டோர் திருப்பி அனுப்பப்பட்டனர். 1938ஆம் ஆண்டில் இந்திய அரசு உடலுழைப்புத் தொழிலாளர் வெளியேறுவதைத் தடை செய்தது. போக்குவரத்து அத்தோடு மெலிந்தது. பின்னர் 1969ஆம் ஆண்டில், குடியுரிமை இல்லாதோருக்கு வேலை அனுமதிச் சீட்டு வேண்டும் என்ற சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த பல்லாயிரம் பேர் தமிழகத்திற்குக் கப்பலேறினர். அவர்களுள் பலர் கைக்குழந்தையாக இங்கு வந்தவர்கள். சிலர் இங்கேயே பிறந்தவர்கள். ‘ரஜூலா’ கப்பலில் ஏறி அவர்கள் சென்றடைந்த ‘சொந்த ஊரில்’ அவர்களைப் பெயர் சொல்லி அழைக்க எவரும் இல்லை. சொந்த ஊர் என்ற சொல் எவ்வளவு ஏமாற்றக்கூடியது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

இங்கேயே இருக்க முடிவு செய்தவர்களுக்கு முன் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, தோட்டத்தையே வாங்கிவிடுவது. 1950களில் ஆங்கிலேயக் குழுமங்கள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றதைத் தடுக்க, துன் வீ.தி. சம்பந்தன் 1960ஆம் ஆண்டில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர் மாதந்தோறும் சிறு தொகை செலுத்திப் பங்குதாரர் ஆயினர். சங்கம் தோட்டங்களை வாங்கியது. அரிய முயற்சி. ஆனால், அதன் கைக்கு எட்டியவை நாட்டிலிருந்த தோட்டங்களுள் ஒரு பகுதியே. மற்றவர்களுக்கு இரண்டாவது வழிதான், பட்டணம்.

என் தாத்தா கோலசிலாங்கூர் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் பால் மரம் வெட்டியவர். 1978ஆம் ஆண்டில் ஓய்வு பெற்றார். கோலாலம்பூரில் இருந்த மூத்த மகன், அதாவது என் பெரியப்பா, தம்மோடு வந்துவிடும்படி அழைத்தார். தாத்தா கிள்ளானைத் தேர்ந்தெடுத்தார். அவர் காரணத்தை நான் பின்னர் பாட்டியிடம் கேட்டுத்தான் அறிந்தேன். சம்பளம் போட்ட வாரத்து ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பம் பேருந்து ஏறிச் சென்றது கிள்ளானுக்கு. மளிகை வாங்கியது அங்கே. நகை அடகு வைத்ததும் மீட்டதும் அங்கே. புரட்டாசிச் சனிக்கிழமைகளில் சுந்தரராஜப் பெருமாள் கோயிலுக்குச் சென்றதும் அங்கே. முப்பது ஆண்டுகளாக மாதம் ஒருநாள் என்ற கணக்கில் அவர் அந்நகரத்தைப் பழகியிருந்தார். கோலாலம்பூர் அவருக்கு மகனின் ஊர். கிள்ளான் கடன் கொடுக்கும் கடைக்காரர் இருந்த ஊர். தோட்டத்து முதியோர் பலர் அவரவர் சம்பளநாள் பட்டணத்திலேயே குடியேறியதை நான் பின்னாளில் கவனித்திருக்கிறேன். சுங்கை சிப்புட்டிலும் நிபோங் திபாலிலும் இதே கதையைக் கேட்டிருக்கிறேன்.

ஊரை முடிவு செய்த பிறகும் தாத்தா உடனே வீடு வாங்கவில்லை. சேமநிதிப் பணத்தைத் தொடாமல், ஆறு மாதம் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துத் தங்கினார். அந்த ஆறு மாதமும் அவர் செய்த வேலை நடப்பது. பேருந்து நிறுத்தத்திற்கு எவ்வளவு நேரம், சந்தைக்கு எவ்வளவு நேரம், அரசு மருத்துவமனைக்கு எவ்வளவு நேரம் என்று பாட்டியையும் உடன் அழைத்துக்கொண்டு நடந்தார். பாட்டிக்கு முழங்கால் வலி. எனவே பாட்டியின் நடையே அளவுகோல். மழை கொட்டும் நாளில் குடை பிடித்துக்கொண்டு போய்த் தாம் பார்த்து வைத்த வீட்டின் முன் நின்றார். 1971ஆம் ஆண்டு வெள்ளத்தில் நீர் எதுவரை ஏறியது என்று பக்கத்து வீட்டுச் சீனக் கிழவரிடம் மலாய் மொழியில் கேட்டு, அவர் சுவரில் காட்டிய இடத்தைத் தம் இடுப்போடு அளந்து பார்த்து, அந்த வீடு வேண்டாம் என்று திரும்பியிருக்கிறார். வீடு வாங்கித் தரும் தரகர்கள் இன்று சொல்லித்தரும் பாடங்களில் பாதி, எழுதப் படிக்கத் தெரியாத அம்மனிதருக்குத் தெரிந்திருந்தது.

இன்னொன்றையும் அவர் விசாரித்தார். தோட்டங்களில் மரண சகாய நிதி என்று ஒன்று இருக்கும். மாதம் சிறு தொகை கட்டினால் இறப்பின்போது செலவுக்குப் பணமும் தூக்குவதற்கு ஆளும் கிடைக்கும். தோட்டத்தை விட்டு வெளியேறியவர் அந்தப் பாதுகாப்பையும் இழந்தார். புதிய ஊரில் அத்தகைய சங்கம் உண்டா, வெளியிலிருந்து வந்தவரைச் சேர்த்துக்கொள்வார்களா என்பதை அறிந்த பிறகே தாத்தா முன்பணம் கொடுத்தாராம். பிள்ளைகளுக்கு இது அபசகுனமாகப் பட்டது. வாழப்போகும் இடத்தில் சாவைப் பற்றி விசாரிப்பதா என்று சினந்தார்கள். எனக்கோ, அவர் கேட்ட கேள்விகளிலேயே தெளிவானது அதுதான் என்று படுகிறது.

இவ்வளவு தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு எல்லாருக்கும் கிடைக்கவில்லை. பணமில்லாதோர் புறம்போக்கு நிலத்தில் பலகை வீடு கட்டிக்கொண்டனர். திட்டமிடுவோரின் கண்ணுக்கு அவை அகற்ற வேண்டிய குடிசைகள். முதியோருக்கு அவை தோட்டத்தின் நீட்சி. முற்றத்தில் முருங்கை, பின்புறம் மாட்டுக்கொட்டகை, மூலையில் ஒரு முனியாண்டி கோயில். 2005ஆம் ஆண்டுக்குள் புறம்போக்குக் குடியிருப்பே இல்லாத மாநிலமாக்குவது என்று சிலாங்கூர் இலக்கு வைத்தபோது, ஒருமுறை இடம் மாறியவர்கள் எழுபது வயதில் மறுமுறை மாறினர்.

இம்முறை அவர்கள் சென்றது மலிவு விலை அடுக்குமாடிக்கு. வீடமைப்புத் திட்டங்களில் 30 விழுக்காடு மலிவு விலை வீடுகளாக இருத்தல் வேண்டும் என்ற கொள்கை 1980களில் வந்தது. 1998 வரை உச்சவரம்பு 25,000 வெள்ளி. அதன்பின் இடத்திற்கேற்ப 42,000 வெள்ளி வரை. விலை குறைவு என்பது உண்மை. ஆனால் பெரும்பாலானவை மின்தூக்கி இல்லாத ஐந்து மாடிக் கட்டடங்கள். எந்த மாடி என்பதைக் குலுக்கல் முடிவு செய்தது. நான் அறிந்த ஒரு மூதாட்டிக்கு நான்காம் மாடி விழுந்தது. அவர் வெள்ளிக்கிழமை கோயிலுக்கு மட்டும் இறங்குவார். ஏறும்போது ஒவ்வொரு மாடியிலும் யாராவது ஒரு முக்காலி போட்டு வைத்திருப்பார்கள். நாளடைவில் அந்த முக்காலிகளே அவருடைய திண்ணை ஆயின. கீழ்த்தளத்தில் இருந்த ஓர் இளம் குடும்பம் அவரோடு வீட்டை மாற்றிக்கொள்ள முன்வந்தது. பத்திரத்தில் பெயர் மாற்றுவது எளிதன்று என்று கேள்விப்பட்டு இரு தரப்பும் கைவிட்டன.

முழுத் தோட்டமே ஒன்றாக இடம் மாறிய நிகழ்வும் உண்டு. பிராங் பெசார் தோட்டம் 1921ஆம் ஆண்டில், முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய ஆங்கிலேய அதிகாரிகளால் தொடங்கப்பட்டது. பெயரே மலாயில் ‘பெரும் போர்’ என்று பொருள்படும். அங்கு உருவாக்கிய பி.பி. 86 என்னும் இரப்பர் வகை இலங்கையிலும் கேரளத்திலும்கூட நடப்பட்டது. 1995ஆம் ஆண்டு தொடங்கி அந்நிலத்தில் புத்ராஜெயா எழுந்தது. பிராங் பெசாரிலும் அண்டைத் தோட்டங்களிலும் இருந்த குடும்பங்கள் டிங்கிலில் உள்ள தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்குச் சென்றன. தரை வீடு வேண்டும் என்ற அவர்களின் கோரிக்கை அதன்பின் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நீடித்தது. அவர்களுக்கு அண்டை வீட்டார் மாறவில்லை. அது பெரும் ஆறுதல். ஆயினும் தரையில் கால் வைத்து வாழ்ந்தவர்களை மாடியில் ஏற்றினால், அண்டை வீட்டாரும் மூடிய கதவுக்கு அப்பால் போய்விடுகிறார்கள்.

இனி நம் பள்ளிகளுக்கு வருகிறேன். 1957ஆம் ஆண்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இப்போது ஏறத்தாழ 530. மூடப்பட்டவற்றுள் பெரும்பாலானவை தோட்டப் பள்ளிகள். சில பள்ளிகள் உரிமத்தோடும் பெயரோடும் பட்டணத்திற்கு இடம் பெயர்ந்தன. அதனால்தான் சுபாங் ஜெயாவில் லாடாங் சீஃபீல்டு தமிழ்ப்பள்ளியும், கோலாலம்பூரில் லாடாங் எடின்பரோ தமிழ்ப்பள்ளியும் இருக்கின்றன. சுற்றிலும் நெடுஞ்சாலை, பெயர்ப்பலகையில் மட்டும் தோட்டம். கிள்ளானின் சிம்பாங் லீமா தமிழ்ப்பள்ளியோ நாட்டின் மிகப் பெரிய தமிழ்ப்பள்ளிகளுள் ஒன்றாக வளர்ந்து நிற்கிறது.

பட்டணத்துப் பள்ளிகள் நிறைந்ததற்கு விழிப்புணர்வுப் பரப்புரைகளைக் காரணமாகச் சொல்வோர் உள்ளனர். நான் அதை மறுக்கவில்லை. எனினும், பாட்டிமார்களின் கால்களுக்கு அதில் பெரும் பங்கு உண்டென்பது என் கணிப்பு. தாயும் தந்தையும் தொழிற்சாலையில் முறைமாற்று வேலைக்குச் சென்ற வீடுகளில், பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்துச் சென்று திரும்ப அழைத்து வந்தவர் பாட்டிதான். அவர் நடக்கும் தொலைவுக்குள் தமிழ்ப்பள்ளி இருந்தால் பிள்ளை தமிழ்ப்பள்ளிக்குப் போனது. இல்லாவிட்டால் அருகிலிருந்த தேசியப் பள்ளிக்குப் போனது. என் பாட்டி என்னையும் என் தங்கையையும் அப்படித்தான் கொண்டுபோய் விட்டார். இருபது நிமிட நடை, இடையில் ஒரு முறை உட்காருவார். தாத்தா அந்த வீட்டை வாங்கியபோது நான் பிறக்கவே இல்லை. ஆயினும் நான் எந்தப் பள்ளியில் எழுத்தறிவு பெறுவேன் என்பதை அவருடைய ஆறு மாத நடை முன்கூட்டியே முடிவு செய்துவிட்டது.

நான்காம் ஆண்டு வரலாற்றுப் பாடத்தில் தன்னையும் குடும்பத்தையும் அறிதல், பள்ளியின் வரலாறு, வசிக்கும் இடத்தின் வரலாறு ஆகிய மூன்றும் அடுத்தடுத்து வருகின்றன. ஆசிரிய நண்பர்கள் அவற்றை ஒரே பயிற்சியாகச் சேர்த்துவிடலாம். பெற்றோர்களும் உதவலாம். வீட்டில் மூத்தவர்கள் இருந்தால், அவர்கள் வாழ்ந்த தோட்டத்தின் பெயர், வெளியேறிய ஆண்டு, பட்டணத்தில் முதன்முதல் குடியேறிய முகவரி, அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்த காரணம் ஆகிய நான்கையும் பிள்ளைகள் கேட்டு எழுதி வரட்டும். தோட்டத்திற்குக் குழுமம் வைத்த ஆங்கிலப் பெயர் ஒன்றும் நம்மவர் வழங்கிய தமிழ்ப் பெயர் ஒன்றும் இருக்கும். இரண்டையும் எழுதச் சொல்லுங்கள். தமிழ்ப் பெயர் எந்த வரைபடத்திலும் இல்லை.