கலோரி: இல்லாத பாய்மத்தின் பெயர்

கலோரி என்ற சொல்லின் வேர் இலத்தீனில் உள்ளது. அம்மொழியில் ‘கலோர்’ என்றால் வெப்பம். அளவின் பெயராக மாறுவதற்கு முன் இந்த வேர் ஒரு பொருளின் பெயரில் சில காலம் குடியிருந்தது. 1787இல் கித்தோன் த மொர்வோ, லவாய்சியர், பெர்த்தொலே, ஃபூர்க்ருவா ஆகிய நால்வரும் பாரிசில் வெளியிட்ட வேதியியல் பெயரிடு முறை நூலில் ‘கலோரிக்’ என்ற பெயர் இடம்பெற்றது. சூடு என்பது உடல் உணர்வது. அந்த உணர்வை உண்டாக்கும் பொருளுக்குத் தனிப்பெயர் வேண்டும் என்பது அவர்கள் வாதம். கலோரிக் கண்ணுக்குத் தெரியாத, எடை காட்டாத பாய்மம். துகள்களுக்கிடையே புகுந்து அவற்றை விலக்கி வைக்கும் என்று கருதினார்கள். 1789இல் தம் பாடநூலில் தனிப்பொருள்களைப் பட்டியலிட்டபோது லவாய்சியர் ஒளிக்கு அடுத்தும் ஆக்சிஜனுக்கு முன்னும் கலோரிக்கை நிறுத்தினார்.

எரிதலுக்கு இக்கொள்கை தந்த விளக்கம் எளிமையானது. ஆக்சிஜன் வாயு என்பது ஆக்சிஜனின் மூலப்பொருளும் கலோரிக்கும் சேர்ந்தது. கரி எரியும்போது மூலப்பொருள் கரியோடு சேர்ந்துகொள்கிறது; கலோரிக் விடுபட்டு அனலாக வெளிவருகிறது. வினையில் தோன்றும் வெப்பம் ஏற்கெனவே உள்ளே அடைபட்டிருந்த சரக்கு என்ற எண்ணம் இங்கே வேர் பிடித்தது.

வினையில் தோன்றும் வெப்பத்தை அளக்க, கலோரிக் என்ற பெயர் வருமுன்பே, 1782–83 குளிர்காலத்தில் லவாய்சியரும் லாப்லாசும் ஒரு கருவி செய்தார்கள். அது மூன்று அறைகள் கொண்ட உலோகக் கலம். நடுவே கம்பிக்கூடை, அதைச் சுற்றி நொறுக்கிய பனிக்கட்டி, அதற்கும் வெளியே இன்னொரு அடுக்குப் பனிக்கட்டி. வெளிச்சூடு உள்ளே போகாமல் வெளியடுக்கு தடுத்துவிடும். ஆகவே உள்ளடுக்கில் உருகி, அடிக்குழாய் வழியே வடியும் நீர் முழுவதும் கூடையில் இருப்பதன் வெப்பத்தால் உருகியது. அதை எடைபோட்டால் போதும். கூடையில் ஒரு கினிப்பன்றியை வைத்தபோது 10 மணி நேரத்தில் சுமார் 13 பிரெஞ்சு அவுன்சு, அதாவது ஏறக்குறைய 400 கிராம், பனிக்கட்டி உருகியது. 1 கிராம் பனிக்கட்டி உருக 80 கலோரி வேண்டும் என்ற இன்றைய கணக்கில் அது 32 கிலோகலோரி. அந்த விலங்கு வெளிவிட்ட கார்பன் டை ஆக்சைடோடு கரி எரிவதை ஒப்பிட்டு, மூச்சும் மெதுவான எரிதலே என்று இருவரும் முடிவுக்கு வந்தனர்.

வெப்பம் பாய்மமா, துகள்களின் அசைவா என்ற கேள்வியை அவர்களுடைய 1783 கட்டுரை திறந்தே விட்டிருந்தது. உருகிய நீரின் எடை எந்தப் பக்கமும் சாயாது என்பதால் அந்த எச்சரிக்கை சரியானதே. கருவிக்கு ‘கலோரிமீட்டர்’ என்று பெயர் வைக்கையில் இலத்தீனையும் கிரேக்கத்தையும் ஒட்டுப்போடுகிறோமே என்று லவாய்சியருக்குக் கூச்சம் இருந்தது. அதைப் பாடநூலிலேயே எழுதிவைத்தார். தமிழில் கலோரிமானி ஆன பிறகும் அந்த ஒட்டு தீரவில்லை.

1798இல் ரம்ஃபோர்டு மியூனிக்கில் பீரங்கி துளைக்கும்போது வெப்பம் வற்றாமல் வந்துகொண்டே இருப்பதைக் காட்டினார்; 1840களில் ஜூல், இவ்வளவு வேலைக்கு இவ்வளவு வெப்பம் என்று எண் கொடுத்தார். கலோரிக் கொள்கை அதோடு ஒழிந்தது. அதற்குள் சொல் வேறு வீடு பிடித்துவிட்டது. பாரிசில் தொழிலாளருக்கும் பொறியாளருக்கும் நீராவி எந்திரம் பற்றி விரிவுரையாற்றிய நிக்கோலா க்ளெமான், 1 கிலோ நீரை 1 டிகிரி சூடாக்கும் வெப்பத்தைக் ‘கலோரி’ என்றார். 1820களின் நடுவில் அது அச்சேறியது. 1852இல் ஃபாவ்ரும் சில்பர்மானும் அதே சொல்லை 1 கிராம் நீருக்கு வைத்தார்கள். ஆயிரம் மடங்கு வேறுபாடுள்ள இரண்டு அளவுகளுக்கு ஒரே பெயர் வந்தது இப்படித்தான். அமெரிக்காவில் உணவின் ஆற்றலை ஆராய்ந்த ஆட்வாட்டர் 1887இல் பெரிய கலோரியைப் பத்திரிகை வாசகர்களிடம் கொண்டு சென்றார். ஒரு வாழைப்பழத்தில் நூறு கலோரி என்று பேசுவோர் சொல்வது கிலோகலோரியை.

வேதிவினைகளின் வெப்பம் எங்கிருந்து வருகிறது என்ற பழைய கேள்விக்கு விடை தாமதமாகவே வந்தது. 1840இல் ஹெஸ், வினை எந்த வழியாக நடந்தாலும் மொத்த வெப்ப மாற்றம் ஒன்றே என்று காட்டினார். 1866இல் ஃபிராங்க்லாந்து அணுக்களுக்கிடையிலான இணைப்பைப் ‘பிணைப்பு’ என்றார். அப்போது அதற்கு ஆற்றல் எதுவும் சொல்லப்படவில்லை. பின்னர் ஒவ்வொரு பிணைப்பையும் பிரிக்கத் தேவையான ஆற்றலுக்குச் சராசரி மதிப்புகள் கணக்கிடப்பட்டன. இதைத் தமிழகப் பாடநூல் பிணைப்பு ஆற்றல் என்றும் இலங்கைப் பாடநூல் பிணைப்புச் சக்தி என்றும் வழங்கும்.

மீத்தேன் எரிவதை எடுத்துக்கொள்ளலாம். நான்கு கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்புகளை உடைக்க, மோலுக்கு 413 கிலோஜூல் வீதம், 1,652 செலவு. இரண்டு ஆக்சிஜன் மூலக்கூறுகளுக்கு 498 வீதம் 996. மொத்தச் செலவு 2,648. வரவுப் பக்கத்தில் கார்பன் டை ஆக்சைடின் இரண்டு பிணைப்புகள் 799 வீதம் 1,598, நீராவியின் நான்கு பிணைப்புகள் 463 வீதம் 1,852, ஆக 3,450. மிச்சம் 802 கிலோஜூல், அதுவே வெளிவரும் வெப்பம். உடைக்கும்போது எப்போதும் செலவுதான், உருவாகும்போதே வரவு.

ஆனால் பிணைப்புக்குள் ஆற்றல் அடைபட்டுக் கிடக்கிறது, உடைத்தால் சிந்துகிறது என்ற பேச்சு வகுப்பறைகளில் இன்னும் கேட்கிறது. கலோரிக் வேறு உடை போட்டு வந்ததுதான் அது. 1941இல் லிப்மன் உயிர்வேதியியலுக்குத் தந்த ‘ஆற்றல் மிகு பாஸ்பேட் பிணைப்பு’ என்ற வழக்கு இந்தக் குழப்பத்தை வளர்த்தது. அத்தகைய பிணைப்புள்ள ஏடிபி மூலக்கூறிலும் அதைப் பிரிக்க ஆற்றல் வேண்டும். நீரோடு வினைபுரிந்து உண்டாகும் விளைபொருள்கள் அதிக நிலைப்புடையவை என்பதால் மொத்தத்தில் ஆற்றல் மிஞ்சுகிறது. அதே சமயம், லவாய்சியர் ஓரிடத்தில் உண்மைக்கு அருகில் வந்திருந்தார். மேலுள்ள கணக்கில் ஆக்சிஜனின் இரட்டைப் பிணைப்பு 498, கார்பன் டை ஆக்சைடினுடையது 799. எரிதல் இவ்வளவு வெப்பம் தருவதற்குப் பெரும் காரணம் ஆக்சிஜன் மூலக்கூறின் இந்த வலுக்குறைந்த பிணைப்பு. அனல் ஆக்சிஜன் வாயுவின் பக்கத்திலிருந்து வருகிறது என்று அவர் கருதியது முற்றிலும் வீண் போகவில்லை.

1948இல் எடைகள் அளவுகளுக்கான ஒன்பதாவது பொது மாநாடு வெப்பத்தின் அலகாக ஜூலை ஏற்று, இயன்றவரை கலோரியைத் தவிர்க்கச் சொன்னது. பாடநூல் அட்டவணைகள் கிலோஜூலுக்கு மாறின. பல நாடுகளின் உணவுப் பொட்டலங்கள் கலோரியை விடவில்லை. வேதியியலார் இன்று கையாளும் கலோரி 4.184 ஜூல் என்று நேரடியாக வரையறுக்கப்பட்டது. அந்த வரையறையில் நீரும் இல்லை, வெப்பமானியும் இல்லை.