தங்க இடம் கொடுத்தால் ஆறு மாதம்

வேதாரண்யம் என்றதும் உப்பு நினைவுக்கு வரும். 1930 ஏப்ரல் 30 அன்று ராஜாஜி தம் தொண்டர்களுடன் அங்கே உப்பெடுத்துக் கைதானதை நாம் அனைவரும் படித்திருக்கிறோம். ஆனால் ஒரு பிடி உப்பை அள்ளுவதற்கு முன் அவர்கள் பதினைந்து நாட்கள் நடந்தார்கள். திருச்சியில் டாக்டர் தி.சே.சௌ. ராஜன் இல்லத்திலிருந்து ஏப்ரல் 13 அன்று புறப்பட்ட அந்தப் படை, ஏறத்தாழ 240 கிலோமீட்டர் கடந்து ஏப்ரல் 28 அன்று வேதாரண்யம் சேர்ந்தது. சுமார் நூறு பேர். இந்த நூறு பேரும் ஒவ்வோர் இரவும் எங்கே தங்கினார்கள்? யார் சோறு போட்டார்கள்? நாம் அதிகம் கேட்காத கேள்வி இது. அந்த நடைப்பயணத்தின் உயிர்நாடி இக்கேள்வியில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

முதலில் அவர்கள் நடந்த மண்ணைப் பற்றிச் சில சொற்கள். காவிரிப் படுகையில் வழிப்போக்கனுக்குத் தங்க இடம் தேடும் கவலை பெரிதாக இருந்ததில்லை. புகார் நகரத்தில் ஆதரவற்றோர் தங்கிய உலக அறவி என்னும் அம்பலத்தை மணிமேகலை காட்டுகிறது. திங்களூர் அப்பூதியடிகள் தாம் கண்ணால் கண்டிராத திருநாவுக்கரசரின் பெயரால் தண்ணீர்ப் பந்தல் வைத்ததைப் பெரியபுராணம் பேசுகிறது. இந்த மரபுக்குப் பிற்காலத்தில் கட்டட வடிவம் கொடுத்தவர்கள் தஞ்சை மராட்டிய மன்னர்கள். இராமேசுவரம் செல்லும் வழியெங்கும் அவர்கள் சத்திரங்கள் எழுப்பினார்கள். நீடாமங்கலத்தில் யமுனாம்பாள் பெயராலும் ஒரத்தநாட்டில் முக்தாம்பாள் பெயராலும் அமைந்த சத்திரங்கள் அவற்றுள் புகழ்பெற்றவை.

1799 உடன்படிக்கையால் நாட்டின் ஆட்சி கும்பினியாரிடம் போய்விட்ட பிறகு, 1801இல் இரண்டாம் சரபோஜி மன்னர் ரெசிடெண்ட் பெஞ்சமின் டோரினுக்கு ஒரு கடிதம் எழுதினார். சத்திரங்களை மட்டுமாவது தம் பொறுப்பில் விட்டுவிட வேண்டும் என்ற கவலை அதில் தொனிக்கிறது. சாதி வேறுபாடின்றி வழிப்போக்கர் அனைவருக்கும் சோறு உண்டு. சமைத்த சோற்றை ஏற்காதவர்களுக்கு அரிசியும் பிற பொருள்களும் உண்டு. நள்ளிரவில் மணியடித்து, இன்னும் உண்ணாதவர் எவரேனும் உண்டா என்று அழைப்பார்கள். நோயுற்றவருக்கு மருத்துவம், இறந்தவருக்கு ஈமக்கடன் என்று அக்கடிதம் விவரிக்கிறது. மன்னர் தம் குடியின் பெருமையைச் சொல்லும் கடிதம் என்பதால் சற்றுக் கழித்தே படிக்க வேண்டும். ஆயினும் ஆட்சியை இழந்த ஓர் அரசர், இறுதியாகத் தமக்கு வேண்டுமென்று கேட்டது பயணிகளுக்குச் சோறிடும் உரிமையைத்தான் என்பது எண்ணத்தக்கது. 1855இல் இரண்டாம் சிவாஜி ஆண்வாரிசின்றி மறைந்ததும் தஞ்சை அரசு முடிந்தது. சத்திரங்கள் ஆங்கில அரசின் மேற்பார்வைக்குள் வந்தன.

அந்த அரசின் தஞ்சை மாவட்ட ஆட்சியராக 1930இல் இருந்தவர் ஜே. ஏ. தார்ன் என்னும் ஐ.சி.எஸ். அதிகாரி. அவர் கூர்மதி படைத்தவர். நடப்பவர்களைத் தொடக்கத்திலேயே கைது செய்தால் அவர்கள் தியாகிகள் ஆகிவிடுவார்கள். நடக்க விட்டுவிட்டு, சோறும் நிழலும் கிடைக்காமல் செய்தால்? சித்திரை வெயிலில் நாலைந்து நாட்களில் படை தானாகக் கலைந்துவிடும். எனவே தொண்டர்களுக்கு உணவோ உறைவிடமோ அளிப்பவர்களுக்கு ஆறு மாதம் வரை சிறையும் அபராதமும் கிடைக்கும் என்ற எச்சரிக்கை நாளேடுகள் வாயிலாகவும் பிற வழிகளிலும் பரப்பப்பட்டது. ஆங்கிலத்தில் முள்ளைக் குறிக்கும் அவருடைய பெயரை வைத்தே ராஜாஜி சிலேடையாகப் பதில் சொன்னார்.

இங்கே தண்டி யாத்திரையுடன் ஒப்பிட்டுப் பார்க்கலாம். காந்தியடிகள் செல்லும் வழியில், குஜராத் வித்யாபீட மாணவர் குழு ஒன்று முன்னதாகவே ஊர் ஊராகச் சென்று தங்குமிடமும் உணவும் ஏற்பாடு செய்தது. பட்காம் என்னும் ஊரில் ஏற்பாடுகள் ஆடம்பரமாகிவிட்டன என்று காந்தியே கடிந்துகொள்ளும் அளவுக்கு உபசாரம் நடந்தது. வேதாரண்யப் பயணத்தின் கதை வேறு. கோவிலடி, திருக்காட்டுப்பள்ளி, தஞ்சை, கும்பகோணம், வலங்கைமான், நீடாமங்கலம், திருத்துறைப்பூண்டி என்று நீண்ட வழியில், இன்று எந்த ஊரில் தங்குவது என்பது இன்று எவர் சிறை செல்ல ஆயத்தமாக இருக்கிறார் என்ற கேள்வியாகிவிட்டது. தஞ்சையிலிருந்து நேரே தென்கிழக்கே இறங்காமல் கும்பகோணத்துக்கு வளைந்து சென்ற வழி அது. விரைவாகப் போய்ச் சேர்வது மட்டுமே நோக்கமாக இருந்திருந்தால் அந்தச் சுற்றுக்குத் தேவையில்லை.

ஆயத்தமாக இருந்தவர்கள் இருந்தார்கள். கும்பகோணத்தில் பந்துலு ஐயர் தம் வீட்டில் இரண்டு நாட்கள் விருந்தளித்தார். ஆறு மாதச் சிறை பெற்றார். திருத்துறைப்பூண்டி செல்லும் வழியில் சத்திரம் ஒன்றில் இடம் கொடுத்த ராமச்சந்திர நாயுடு கைது செய்யப்பட்டார். நள்ளிரவில் மணியடித்துப் பசித்தவரை அழைத்த சத்திரங்களின் நாட்டில், சத்திரத்தில் இடம் கொடுத்தது குற்றமாயிற்று!

ஆனால் எல்லோரும் வாயிற்கதவைத் திறந்துவைத்தார்கள் என்று எழுதினால் அது வரலாறு ஆகாது. அச்சம் இருந்தது, அதன் தடயமும் இருக்கிறது. பல இடங்களில் சோற்றுப் பொட்டலங்கள் சாலையோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிடப்பட்டன. கட்டியவர் யார் என்று காவலருக்குத் தெரியாது. காவிரிக் கரையில் தங்கிய இரவுகளில், பெரிய உணவுப் பாத்திரங்களைப் புதைத்துவைத்து, இடத்தை மட்டும் குறிப்பால் உணர்த்தினார்கள். சட்டத்துக்கு அஞ்சி முகத்தை மறைத்துக்கொண்டவர்கள், அறத்துக்கு அஞ்சிச் சோற்றை வைத்துவிட்டுப் போனார்கள். சிறை சென்ற பந்துலு ஐயரின் பெயர் நமக்குத் தெரியும். மரத்தில் சோறு கட்டியவர்களின் பெயர் தெரியாது. இரு சாராரும் சேர்ந்தே அந்தப் படையை வேதாரண்யம் வரை நடத்திச் சென்றார்கள்.

தார்ன் எங்கே பிழைத்தார்? வள்ளுவர் விருந்தோம்பலை அரசியலில் வைக்கவில்லை. இல்லறவியலில், அன்புடைமைக்கு அடுத்த அதிகாரமாக வைத்தார். வந்தவரை உபசரிப்பது குடும்பம் நடத்துவதன் பொருளாகவே இங்கு கருதப்பட்டது. உப்பு வரி சிற்றூர் மக்களுக்குப் பழகிப்போன சுமை. அதை எதிர்ப்பது படித்தவர்களின் அரசியல் என்று பலர் ஒதுங்கியிருக்கக்கூடும். ஆனால் திண்ணையில் வந்து அமர்ந்தவனுக்குச் சோறிடாதே என்று அரசு சொன்ன அந்தக் கணத்தில், அரசியல் அடுப்படிக்குள் நுழைந்துவிட்டது. ஒதுங்கி நிற்க எவருக்கும் இடமில்லாமற் போயிற்று. படையைப் பட்டினி போடக் கருதிய ஆணை, வழியிலுள்ள ஒவ்வொரு வீட்டையும் போராட்டத்துக்குள் இழுத்துவிட்டது.

தங்குமிடத்தைக் குறிவைப்பது நம் இலக்கியத்துக்குப் புதிதன்று. பாண்டிமாதேவியின் அழைப்பு சம்பந்தரை வந்தடைந்தது இதே திருமறைக்காட்டில்தான். அங்கிருந்து மதுரை சென்றபோது அவரும் அடியாரும் தங்கிய மடத்துக்கு மாற்றுத் தரப்பினர் தீயிட்டனர் என்கிறார் சேக்கிழார். வந்தவனை வெல்ல முடியாதபோது அவன் தலைசாய்க்கும் இடத்தின் மீது கைவைப்பது பழைய வழக்கம் போலும்.

வேதாரண்யத்தில் படையை வரவேற்று முகாம் அமைக்க முன்னின்றவர் சர்தார் வேதரத்தினம் பிள்ளை. அவ்வூர் ஆணையைத் திருப்பியும் போட்டுக் காட்டியது. தொண்டர்களை அடித்த காவலர்களுக்குச் சவரம் செய்ய மாட்டேன் என்று மறுத்து நாவிதர் வைரப்பன் சிறை சென்றார். யாருக்கு உபசாரம் செய்வது என்பதை மாவட்ட ஆட்சியர் முடிவு செய்ய முடியாது என்று பந்துலு ஐயர் விருந்திட்டுச் சொன்னார். வைரப்பன் கத்தியை மடக்கிவைத்துச் சொன்னார்.

நடந்தவர்களின் வரலாற்றை நாம் எழுதிவைத்திருக்கிறோம். இடம் கொடுத்தவர்களின் வரலாறு இன்னும் குடும்ப நினைவுகளிலும் ஊர்ப் பேச்சிலும் சிதறிக் கிடக்கிறது. அந்த வழியிலுள்ள ஊர்களைச் சேர்ந்த நண்பர்கள், தங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு முறை கேட்டுப் பார்க்கலாம். தொண்ணூறு ஆண்டுகளுக்கும் மேலாகிவிட்டது. கேட்பதற்கு இனியும் காலம் அதிகமில்லை.