கண்மாய்க் கரையும் காலத்தே செய்யும் மராமத்தும்

சாத்தூர் வட்டாரத்து எருக்கங்குடியில் பாண்டியர் காலக் கல்வெட்டு ஒன்று உண்டு. 9-ஆம் நூற்றாண்டில், சீமாறன் சீவல்லபன் ஆட்சியில், இருப்பைக்குடிக் கிழவன் எட்டிச்சாத்தன் என்னும் தலைவன் ஏரிகள் அமைத்த செய்தியை அது கூறுகிறது. மழை குறைந்த இக்கரிசல் பூமியில் கண்மாயே உயிர்நாடி என்பதை நம் முன்னோர் அன்றே உணர்ந்திருந்தனர்.

ஏரியை வெட்டுவது ஒருமுறை செய்யும் வேலை. அதைக் காப்பதோ ஆண்டுதோறும் செய்யவேண்டிய வேலை. 919, 921-ஆம் ஆண்டுகளின் உத்தரமேரூர்க் கல்வெட்டுகள், குடவோலை முறையில் தேர்ந்தெடுக்கப்பட்ட அறுவர் கொண்ட ஏரி வாரியத்தைக் குறிப்பிடுகின்றன. அவர்களுடைய பணிக்காலம் 360 நாள்.

இத்தனை அக்கறை எதற்கு? இயற்பியல் விடை தருகிறது. நீரின் அழுத்தம் ஆழத்திற்கேற்பக் கூடும். 3 மீட்டர் ஆழத்தில், ஒவ்வொரு சதுர மீட்டர் பரப்பின் மீதும் நீர் ஏறத்தாழ 3 டன் எடையளவு அழுத்துகிறது. கோடையில் கரிசல் மண் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கிறது. எலியும் நண்டும் கரையில் வளை தோண்டுகின்றன. கண்மாய் பெருகும்போது நீர் இவ்வழிகளில் புகுகிறது. கசியும் நீர் தெளிவாக இருந்தால் கவனித்து வரவேண்டும். கலங்கலாக வந்தாலோ, கரையின் மண் உள்ளே அரிபடுகிறது என்று பொருள். துளையின் விட்டம் இரு மடங்கானால் அதன் பரப்பு நான்கு மடங்காகிறது. உராய்வுத் தடையும் குறைகிறது. எனவே நீரோட்டம் நான்கு மடங்குக்கும் மேல் பெருகி, இன்னும் விரைவாக மண்ணை அரிக்கிறது.

அமெரிக்காவின் டீட்டன் அணை 1976 ஜூன் 5 அன்று இவ்வாறே உடைந்தது. வடிவமைப்புக் குறையுள்ள புதிய அணை அது. காலையில் கலங்கல் நீர் கசிந்தது. நண்பகலுக்குள் அணை உடைந்தது. 11 பேர் மாண்டனர். உள்ளரிப்பு முற்றிய பின் அதைத் தடுக்க நேரமிருப்பதில்லை.

நம் ஊர்களில் குடிகளே கூடிக் கரையை உயர்த்தி, மடையையும் கலிங்கையும் செப்பனிட்ட வழக்கத்திற்குக் குடிமராமத்து என்று பெயர். ஆங்கிலேயர் ஆட்சியில் இது தளர்ந்தது. இதனை வற்புறுத்த 1858-இல் சென்னை மாகாணத்தில் சட்டமே இயற்றப்பட்டது. ஆயினும் வழக்கம் மெல்லத் தேய்ந்தது. 2017-இல் தமிழக அரசு அதே பெயரில் ஏரி சீரமைப்புத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது.

வீட்டுக்கும் இதே விதிதான். தளத்தின் சிறு வெடிப்பில் இறங்கும் மழைநீர் உள்ளிருக்கும் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்கிறது. துருவுக்கு இரும்பைவிடக் கன அளவு மிகுதி. அது கான்கிரீட்டைப் பிளக்கிறது. பிளவு வழியே மேலும் நீர் இறங்குகிறது.

மாணவர்களே, கோடை விடுமுறையில் உங்கள் ஊர்க் கண்மாய்க் கரையில் பெரியவர்களோடு ஒருமுறை நடந்து பாருங்கள். வெடிப்பையும் வளையையும் கண்டால் ஊராட்சியில் தெரிவியுங்கள். அன்று சில கூடை மண்ணிட்டுக் கெட்டித்தால் அடைபடும் துளையை, ஐப்பசி வெள்ளத்தில் நூறு வண்டி மண்ணாலும் அடைக்க முடியாமற் போகலாம்.