சோறும் தண்ணியும் குளிசையும்: சைக்கிளோட்டக்காரர் சாப்பிட்ட வரலாறு

1967ஆம் ஆண்டைச் சைக்கிளோட்ட உலகம் ஒரு சாவை வைத்துத்தான் ஞாபகம் வைத்திருக்கிறது. ஜூலை 13, டூர் டி பிரான்ஸ் போட்டியின் 13ஆவது கட்டம். பாதை மொன் வொன்ரூ மலையில் ஏறுகிறது. உச்சிப் பக்கம் மரம் கிடையாது, வெறும் வெள்ளைக் கல்லுத்தான். வெயில் மேலேயிருந்தும் அடிக்கும், கீழேயிருந்தும் அடிக்கும். பிரித்தானிய வீரர் டொம் சிம்சன், வயது 29, 1965ஆம் ஆண்டின் உலகச் சாம்பியன், உச்சிக்கு ஒரு கிலோமீற்றர் அளவு இருக்கும்போது சைக்கிளோடு சரிந்தார். தூக்கி ஏற்றிவிட்டார்கள். கொஞ்சத் தூரம் போய்த் திரும்பவும் விழுந்தார். பிறகு எழும்பவில்லை. அவருடைய உடலில் அம்பெட்டமைனும் மதுசாரமும் இருந்தது பரிசோதனையில் தெரியவந்தது.

அதே 1967இல் சுவீடனில் இருந்து ஒரு ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. எழுதியவர்கள் பேர்க்ஸ்ட்ரோம், ஹெர்மன்சன், ஹல்ட்மன், சால்ட்டின் என்று நாலு பேர். அவர்கள் செய்தது இதுதான்: ஆட்களுக்கு மூன்று விதமான சாப்பாட்டை மாற்றி மாற்றிக் கொடுத்து, நிலையான சைக்கிளில் இருத்தி, இனி ஏலாது என்னும் வரைக்கும் மிதிக்க வைத்தார்கள். தொடையில் ஊசி குத்தித் துளித் தசையை எடுத்துச் சோதித்தார்கள். இறைச்சியும் கொழுப்புமாகச் சாப்பிட்டபோது ஏறத்தாழ 57 நிமிடம் தாக்குப்பிடித்தார்கள். எல்லாம் கலந்த வழக்கமான சாப்பாட்டில் 114 நிமிடம். காபோவைதரேற்று கூடிய சாப்பாட்டில் 167 நிமிடம். அதே ஆட்கள், அதே சைக்கிள், அதே பாரம். மாறினது கோப்பையில் இருந்த சாப்பாடு மட்டும்தான்.

முதலாவது செய்தி உலகம் முழுக்கப் போனது. இரண்டாவது நெடுங்காலம் ஆய்வுகூடத்துக்குள்ளேயே கிடந்தது. சைக்கிளோட்டத்தில் ஊக்கமருந்து பற்றி எவ்வளவோ எழுதியிருக்கிறார்கள். ஆனால் அந்தக் குளிசையை விழுங்கின ஆளுக்கு அன்றைக்குச் சரியான சாப்பாடு இருந்ததா, குடிக்கத் தண்ணி இருந்ததா எண்டு கேட்டவர்கள் குறைவு. அந்தக் கேள்வியோடு கொஞ்சம் பின்னுக்குப் போய்ப் பார்ப்போம்.

19ஆம் நூற்றாண்டில் யுஸ்டுஸ் வொன் லீபிக் என்ற ஜெர்மன் இரசாயனவியலாளர் பெரிய பெயர். தசை வேலை செய்யும்போது எரிவது தசையில் இருக்கிற புரதம்தான் என்பது 1840களில் அவர் முன்வைத்த கொள்கை. அப்படியென்றால் உழைக்கிறவனுக்கு இறைச்சிதான் எரிபொருள். லீபிக்கின் பெயரில் இறைச்சிச் சாறும் போத்தலில் அடைத்து விற்பனைக்கு வந்தது. கொள்கையும் வியாபாரமும் கைகோத்து நடந்தன.

1865 ஓகஸ்டில் பிக், விஸ்லிசேனஸ் என்ற இரண்டு விஞ்ஞானிகள் இதைத் தங்கள் உடம்பிலேயே சோதித்தார்கள். சுவிற்சர்லாந்தில் பவுல்ஹோர்ன் என்ற மலையில் ஏறத்தாழ 2,000 மீற்றர் உயரம் ஏறினார்கள். அதற்கு முதல்நாளில் இருந்தே புரதம் உள்ள எதையும் தொடவில்லை. மாப்பொருளைக் கொழுப்பில் பொரித்த பணியாரமும் சீனி போட்ட தேத்தண்ணியும் மாதிரியான சாமான்கள்தான். சிறுநீரைச் சேர்த்து அதில் வெளியேறிய நைதரசனை அளந்தார்கள். கணக்குப் பார்த்தால், உடம்பில் எரிந்த புரதம் அந்த மலையேற்றத்துக்குத் தேவையான சக்தியில் பாதிக்கும் காணாது. மிச்சம் மாப்பொருளிலும் கொழுப்பிலும் இருந்துதான் வந்திருக்கவேண்டும். லீபிக்கின் கொள்கை அறிவியலில் அப்போதே ஆட்டம் கண்டுவிட்டது. தெருவில் அதற்கு ஒண்டும் நடக்கவில்லை.

இங்கிலாந்தில் சில ஓட்டக்காரர்கள் வேறு வழியாக இதைக் காட்டினார்கள். 1887இல் லண்டனில் மரக்கறி உண்பவர்களுக்கென்று ஒரு சைக்கிள் கழகம் தொடங்கியது. அந்தக் கழகத்தின் ஜோர்ஜ் ஒல்லி 1900களில் பிரித்தானியாவின் ஒரு முனையில் இருந்து மறுமுனை வரையான ஓட்டத்தில் சாதனையை முறியடித்தார். இறைச்சி இல்லாமலும் நாட்கணக்கில் மிதிக்கலாம் எண்டு ரோட்டிலேயே காட்டினது பெரிய விசயம். ஆனாலும் பிரான்ஸ், பெல்ஜியம், இத்தாலி நாட்டுத் தொழில்முறை ஓட்டக்காரர் காலமையில் வாட்டின மாட்டிறைச்சி சாப்பிட்டுவிட்டு வெளிக்கிடுகிற பழக்கம் 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதி வரைக்கும் போகவில்லை. பலம் எண்டால் இறைச்சி; அதுதான் கதை.

இனி தண்ணி. முதலாவது டூர் டி பிரான்ஸ் 1903இல் நடந்தது. ஆறே ஆறு கட்டங்கள், மொத்தம் 2,428 கிலோமீற்றர். ஒரு கட்டம் சராசரியாக 400 கிலோமீற்றர். இரவிலும் ஓடவேண்டும். போட்டியை நடத்திய ஹென்றி டெக்ரான்ஜ் ஒரு பத்திரிகை ஆசிரியர். ஓட்டக்காரன் யாருடைய உதவியும் இல்லாமல் தனியாகக் கஷ்டப்பட்டு முடிக்கவேண்டும் என்பது அவருடைய எண்ணம். கஷ்டம் கூடக்கூடத்தான் வாசிக்கக் கதை வரும், பத்திரிகை விற்கும். மற்றவர் உதவியை மறுக்கிற விதிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

1924இல் இது வெடித்தது. முதல் ஆண்டுச் சாம்பியன் ஹென்றி பெலிசியே, அவருடைய தம்பி பிரான்சிஸ், இன்னொரு ஓட்டக்காரர் என மூன்று பேர் கூத்தான்ஸ் என்ற ஊரில் போட்டியை விட்டு இறங்கினார்கள். குளிருக்குப் போட்டுக்கொண்டு வெளிக்கிட்ட மேற்சட்டையை வெயில் வந்தபிறகு கழற்றக் கூடாது என்ற விதியால் வந்த சண்டை. அல்பேர் லோன்ட்ர் என்ற பத்திரிகையாளர் ஒரு கோப்பிக்கடையில் அவர்களைப் பிடித்துக் கதை கேட்டார். கண்ணுக்குக் கொக்கெயின், முரசுக்குக் குளோரோபோம், பிறகு குளிசைகள் எண்டு பையைத் திறந்து காட்டினார்கள். அந்தச் செய்தி பிரான்சை உலுக்கியது. வெளியாளான பத்திரிகையாளரிடம் கொஞ்சம் கூட்டித்தான் சொன்னோம் என்று பிரான்சிஸ் பிற்காலத்தில் சொன்னார். கூட்டினது எவ்வளவாக இருந்தாலும் அன்றைய ஓட்டம் நடந்த விதம் மாறப்போவதில்லை: நாளுக்குப் பதினைந்து மணித்தியாலத்துக்கு மேல் மிதிக்கிற ஆளுக்குச் சட்டையைக் கழற்றுவதற்குக்கூட உரிமை இல்லை.

தண்ணி கூடக் குடித்தால் கால் கனக்கும், வியர்த்துக் களைக்கும் என்ற நம்பிக்கையும் ஓட்டக்காரரிடம் ஆழமாக இருந்தது. பழைய ஆக்கள் புதுப் பொடியங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே தாகத்தை அடக்கத்தான். போதாததுக்கு விதிகளும் கட்டுப்படுத்தின. 1960களில்கூட ஒரு கட்டத்துக்கு நாலு போத்தல் அளவுதான்: வெளிக்கிடும்போது இரண்டு, இடையில் இரண்டு. யூலை வெயிலில் மலையேறுகிறவனுக்கு இது எந்த மூலைக்கு? அதனால் தெருவோரக் கடைகளுக்குள் பாய்ந்து பியர், வைன், சோடா எண்டு கையில் அகப்பட்டதை அள்ளிக்கொண்டு ஓடுகிறது ஒரு வழக்கமாகவே இருந்தது. பழைய படங்களில் இதைப் பார்த்து நாங்கள் சிரிப்போம். தாகத்தில் கடைக்குள் பாயுற ஆளைப் பார்த்துத்தான் சிரிக்கிறோம்.

1960 ரோம் ஒலிம்பிக்கில் டென்மார்க்கின் நுட் எனமார்க் ஜென்சன் இறந்தார். வயது 23. அந்தக் காலத்து ஒலிம்பிக் விதிப்படி அவர் தொழில்முறை ஓட்டக்காரர் அல்ல, எங்களைப்போல ஆர்வத்துக்கு ஓடுகிறவர். 100 கிலோமீற்றர் அணி ஓட்டம், கடும் வெயில். அதே அணியில் ஒருவர் ஏற்கெனவே வெயில் தாங்காமல் விலகிவிட்டார். இன்னொருவரும் விலகினால் அணியே வெளியே. ஜென்சன் தலைசுற்றுகிறது என்று சொல்லியும் ஓடினார், விழுந்தார், தலையிலும் அடிபட்டது. அம்பெட்டமைன்தான் காரணம் என்று உலகம் பல காலம் சொல்லிக்கொண்டிருந்தது. அதற்கான ஆதாரம் பலமில்லை என்று பிற்கால ஆய்வாளர்கள் கேள்வி எழுப்பினார்கள். வெப்பத்தின் பங்கை யாரும் மறுக்கவில்லை. ஆனாலும் தலைப்பில் நின்றது மருந்துதான்.

இப்போது வொன்ரூ மலைக்குத் திரும்புவோம். சிம்சன் அதற்கு முந்திய நாட்களில் வயிற்றுக் கோளாறால் சரியாகச் சாப்பிட முடியாமல் இருந்தார். அன்றைக்கு வெயில் கொளுத்தியது. தண்ணி அளவுக்குத்தான். மலையடிவாரத்துக் கடையில் கிடைத்தது பிரண்டி. அவருடைய சட்டைப் பையில் அம்பெட்டமைன் குழாய்கள் இருந்தன. அம்பெட்டமைன் களைப்பை மறைக்கும், 'நில்' எண்டு உடம்பு சொல்லுறதைக் கேட்கவிடாது. ஆனால் தசைக்குள் ஒரு கிராம் எரிபொருளைக்கூடச் சேர்க்காது. இழந்த தண்ணியையும் திருப்பித் தராது. பசி, தாகம், வெயில், மருந்து நாலும் சேர்ந்துதான் அந்த மலையில் ஒரு ஆளைக் கொன்றன. நாலில் ஒன்றுதான் வரலாற்றில் குற்றவாளியாக நிற்கிறது. மருந்து எடுத்தது சரியென்று நான் சொல்லவரவில்லை. மற்ற மூன்றுக்கும் விதி எழுதினவர்களுக்குப் பங்கு இருக்கு; அவர்களை யாரும் பரிசோதனைக்கு அனுப்பவில்லை.

அடுத்த ஆண்டு, 1968இல், அமைப்பாளர்கள் தங்கள் போட்டிக்கு 'ஆரோக்கிய டூர்' என்று பெயர் வைத்தார்கள். தொடங்கின ஊர் வித்தெல், போத்தல் தண்ணிக்குப் பெயர்போன ஊர்!

சரி, அந்தச் சுவீடன் ஆய்வு என்னதான் கண்டுபிடித்தது? எங்கட ஓ.எல் விஞ்ஞானப் புத்தகத்தில் வருகிற கிளைக்கோசன்தான். சாப்பிடுகிற சோறும் பாணும் குளுக்கோசாகி, ஈரலிலும் தசையிலும் கிளைக்கோசனாகச் சேமிக்கப்படுகிறது. மொத்தமே அரைக் கிலோ அளவில்தான் வரும். வேகமாக மிதித்தால் ஒன்றரை, இரண்டு மணித்தியாலத்தில் வற்றத் தொடங்கும். வற்றினால் கால் இரும்பாகும், கண் இருட்டும், மனம் விட்டுப்போகும். இது மன உறுதி இல்லாததால் வருகிறதென்று தலைமுறை தலைமுறையாக ஏசியிருக்கிறார்கள். அது வெறும் எரிபொருள் முடிந்த கதை.

1966இலேயே பேர்க்ஸ்ட்ரோமும் ஹல்ட்மனும் இன்னொரு அழகான சோதனை செய்திருந்தார்கள். ஒரே சைக்கிளின் இரண்டு பக்கமும் இருந்து, ஆளுக்கு ஒரு காலால் மட்டும் களைக்கும்வரை மிதித்தார்கள். பிறகு மூன்று நாள் காபோவைதரேற்று நிறையச் சாப்பிட்டார்கள். வேலை செய்த காலில் சேர்ந்த கிளைக்கோசன், ஓய்வெடுத்த காலைப்போல இரண்டு மடங்கு அளவு! உழைத்த தசைக்குச் சாப்பாடு கொடுத்தால் அது முந்தியதைவிடக் கூடச் சேர்த்துவைக்கும்.

இந்த அறிவு சாப்பாட்டுக் கோப்பைக்கு வர இன்னும் இருபது, முப்பது ஆண்டுகள் எடுத்தது. 2000களில் ஜெஉகென்ட்ரூப் என்ற டச்சு ஆய்வாளரும் சக ஆய்வாளர்களும், குளுக்கோசை மட்டும் எடுத்தால் உடம்பு மணித்தியாலத்துக்கு 60 கிராம் அளவில்தான் பயன்படுத்தும், பிரக்டோசும் சேர்ந்தால் 90 கிராம் வரை போகலாம் என்று காட்டினார்கள். அதே காலத்தில் அலன் லிம் என்ற அமெரிக்க உடலியலாளர் தொழில்முறை அணிகளுக்குச் சோற்றை அழுத்தி, துண்டாக வெட்டி, தாளில் சுற்றிச் சட்டைப் பையில் வைக்கக் கொடுத்தார். ஆமாம், சோறுதான். இண்டைக்கு ஐரோப்பாவின் பெரிய ஓட்டங்களில் அது சாதாரணம்.

இந்த இடத்தில்தான் இந்த வரலாறு எங்களைத் தொடுகிறது. இஞ்ச சித்திரைப் புத்தாண்டுக்கு, வருசத்திலேயே பொல்லாத வெயிலில், சைக்கிளோட்டம் வைக்கிற வழக்கம் இருக்கு. ஓடுகிற பொடியங்களில், பெட்டையளில் பலர் மெலியவேண்டும் எண்டு சோற்றை வெட்டுகிறார்கள். வெறும் வயிற்றில் வெளிக்கிடுகிறார்கள். மிச்சக் காசைப் புரத மாவுக்குக் குடுக்கிறார்கள். லீபிக் செத்து ஒன்றரை நூற்றாண்டு. அவருடைய கொள்கை டப்பாவில் அடைத்து இன்னும் விற்பனையில்.

பட்டினி கிடந்து ஓடுவதன் விலையும் இப்போது தெரியும். 2014இல் சர்வதேச ஒலிம்பிக் குழு இதற்கு ஒரு பெயர் கொடுத்தது: விளையாட்டில் வரும் சார்புச் சக்திக் குறைபாடு. செலவழிக்கிற சக்திக்குச் சாப்பாடு காணாவிட்டால் பெண்களுக்கு மாதவிடாய் தடைப்படும், ஆண்களுக்கும் ஹோர்மோன் குறையும், எலும்பு பலவீனமாகும், அடிக்கடி வருத்தம் வரும். சைக்கிளில் உடற்பாரத்தை எலும்பு தாங்குவதில்லை என்பதால் ஓட்டக்காரருக்கு எலும்புப் பிரச்சினை இன்னும் கூட.

அதனால் கணக்கு இவ்வளவுதான். நாளுக்கு ஒன்று முதல் மூன்று மணித்தியாலம் கடுமையாகப் பயிற்சி செய்கிற 60 கிலோ ஆளுக்கு 360 முதல் 600 கிராம் வரை காபோவைதரேற்று தேவை. 100 கிராம் சோற்றில் இருப்பது 28 கிராம் அளவில். இறைச்சி, மீன், பருப்பு தசையைத் திருத்தத் தேவை, அதையும் விடவேண்டாம். ஓட்டத்துக்கு இரண்டு, மூன்று மணித்தியாலம் முதல் சோறோ இடியப்பமோ புட்டோ, எண்ணெய் குறைவாக. ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஓடினால் ஒவ்வொரு மணித்தியாலமும் 30 முதல் 60 கிராம்: நடுத்தர அளவு வாழைப்பழம் ஒன்றில் 25 கிராம் அளவு இருக்கு. தண்ணியைத் தாகம் முற்றமுதல் கொஞ்சம் கொஞ்சமாக. நீண்ட ஓட்டத்தில் உப்பும் சீனியும் சேர்த்து. தேவைக்கு மிஞ்சி வெறும் தண்ணியைக் குடிக்கிறதும் ஆபத்துத்தான். புதுச் சாப்பாடு எதையும் போட்டி நாளில் முதல்முதலாகப் பரீட்சிக்காதீர்கள்.

போட்டி நடத்துகிற கழகங்களுக்கும் ஒன்று. பாதையில் தண்ணி குடுக்கிற இடத்தை எங்கே வைக்கிறது, வெயில் ஏறமுதல் ஓட்டத்தைத் தொடங்குகிறதா எண்ட முடிவு ஓட்டக்காரரின் கையில் இல்லை, உங்கட கையில். வெற்றிக் கிண்ணத்துக்குக் காசு சேர்க்கும்போது நாலு தண்ணிப் பீப்பாவுக்கும் சேருங்கள்.